இன்னும் பெட்டியில் வராத வண்டிகள்

பாகங்களைப் பெட்டியில் வாங்கி ஒட்டிக் கட்டும் மாடல்களை (நாங்கள் கிட் என்போம்) பற்றி என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு அளவில், கிட்டத்தட்ட எல்லா டாங்கும் வந்துவிட்டதே, இன்னும் பிளாஸ்டிக் கிட்டாக வரவேண்டும் என்று நீங்கள் ஏங்கும் ராணுவ வண்டிகள் எவை? அவை ஏன் வராமலே இருக்கின்றன?"

என் பட்டியலில் முதலில் இருக்கும் வண்டியில் பீரங்கியே கிடையாது. ஷெர்மன் பார்வ் என்று பெயர். கடற்கரையில் மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்துப்போடுவதற்காகப் பிரிட்டிஷ் ராணுவம் செய்த மீட்பு வண்டி. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன், எல்லா டாங்கும் வந்துவிட்டது என்ற எண்ணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். வந்திருப்பவை பெரும்பாலும் சுட்ட வண்டிகள். சுமந்தவை, இழுத்தவை, பாலம் போட்டவை, ஆட்களை ஏற்றிப்போனவை இன்னும் வரிசையில்தான் நிற்கின்றன.

ஒரு கணக்கைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் டாங்கான டைகர் 1 மொத்தமே சுமார் 1,350தான் தயாரானது. அதை தாமியா, அகாடமி, டிராகன், ஏ.எஃப்.வி. கிளப், ரை ஃபீல்டு, தாகோம், ஜ்வெஸ்தா, பார்டர் என்று கிட் கம்பெனிகள் ஆளாளுக்கு 1/35-இல் போட்டிருக்கிறார்கள். அதிலும் ஆரம்பகாலம், நடுக்காலம், கடைசிக்காலம் என்று தனித்தனிப் பெட்டிகள். அதே போரில் அமெரிக்கா செய்த ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரியின் எண்ணிக்கை 5,60,000-க்கும் மேல். 1944 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து முன்னணிக்குப் பெட்ரோலும் குண்டும் கொண்டுபோன ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரி வரிசை பெரும்பாலும் இந்த லாரிகளை நம்பித்தான் ஓடியது. அதற்கு ஓரிரு நல்ல கிட்டுகள் உண்டு, சரி. ஆனால் அதே காலத்தில் ஓடிய மற்ற லாரிகளை, இழுவண்டிகளை, ட்ரெய்லர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். விட்டுப்போனது எவ்வளவு என்று அப்போதுதான் உறைக்கும்.

இதற்குக் காரணம் கம்பெனிகளின் அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் அச்சில் இருக்கிறது. பிளாஸ்டிக் கிட் எஃகு அச்சில் பிறக்கிறது. உருக்கிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தோடு அதற்குள் செலுத்தி, குளிர்ந்ததும் அச்சைப் பிரித்தால், பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டமான ஸ்ப்ரூ வெளியே வரும். அந்த எஃகைக் கடைந்து, மெருகேற்றி, சோதித்து முடிக்கும் செலவு முழுவதும் முதல் பெட்டி விற்பதற்கு முன்பே போய்விடுகிறது. அதன்பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஆகும் பிளாஸ்டிக் செலவு சொற்பம். ஆகவே ஆயிரக்கணக்கில் விற்குமா என்பதுதான் முதல் கேள்வி. டைகர் விற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மீட்பு வண்டி விற்குமா என்றால் கூட்டத்தில் ஒருவர் தயங்கினாலே போதும், திட்டம் மூலைக்குப் போய்விடும்.

திரவமாக ஊற்றி இறுகவைக்கும் ரெசின் இதற்கு நேர் எதிர். சிலிக்கான் ரப்பரில் அச்சு செய்து கையால் ஊற்றுகிறார்கள். அச்சுக்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் சில பத்து வார்ப்புகளிலேயே ரப்பர் கிழிய ஆரம்பித்துவிடும். அதனால் ஓர் ஆளோ இரண்டு பேரோ நடத்தும் சின்னப் பட்டறைகள், நூறு பேர் மட்டுமே கேட்கும் வண்டியைக்கூடத் துணிந்து செய்ய முடிகிறது. நாம் ஏங்கும் வண்டிகளில் பாதி ரெசினில் எப்போதோ வந்திருக்கும். "கிட்டே இல்லை" என்று நாம் புலம்பும்போது ரெசின்காரர்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இருந்தாலும் பிளாஸ்டிக்கில் வேண்டும் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் ஒருமுறை ஒரு சின்னத் தயாரிப்பாளரிடம் பழைய லாரியின் ரெசின் கிட் வாங்கினேன். சேசிஸ் சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. வெந்நீரில் முக்கி, கண்ணாடிப் பலகையில் வைத்து, மேலே புத்தகங்களை அடுக்கி நேராக்கினேன். இரண்டு மாதம் கழித்து, பெயின்ட் அடித்து முடித்த பிறகு, அது மெல்லப் பழைய வளைவுக்கே போயிருந்தது. ஆறு சக்கரத்தில் ஒன்று தரையைத் தொடவில்லை. வார்ப்புக் கட்டைகளை அறுக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் தண்ணீரில் நனைத்து, மாஸ்க் கட்டிக்கொண்டு அறுக்க வேண்டும். மாடல் சிமென்ட் என்ற சாதாரணப் பிளாஸ்டிக் பசை ஒட்டாது, சூப்பர் க்ளூதான். பழகியவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஆனால் இரண்டாவது கிட்டோ மூன்றாவது கிட்டோ கட்டுகிற ஒருவர், தனக்குப் பிடித்த வண்டி ரெசினில் மட்டுமே இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி டைகர் பெட்டியையே எடுக்கிறார். அதனால் டைகர் விற்கிறது. டைகர் விற்பதால் இன்னொரு டைகர் வருகிறது.

ஆசைப்பட்டவை வரவே வராது என்றும் சொல்ல முடியாது. இந்தப் பொழுதுபோக்கில் 2010-களைப் போன்ற நல்ல காலத்தை நான் பார்த்ததில்லை. எத்தனையோ வருடம் கனவுப் பட்டியலில் கிடந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஐந்து டரட் (சுழலும் பீரங்கிக் கூண்டு) வைத்த சோவியத் டாங்கான டி-35-ஐ ஹாபிபாஸ் போட்டது. முதல் உலகப்போரின் பிரெஞ்சு டாங்கான ரெனோ எஃப்டியையும், ராட்சத பிரெஞ்சு டாங்கான ஷார் 2சி-யையும் மெங் கொண்டுவந்தது. முதல் உலகப்போரின் இன்னொரு பிரெஞ்சு டாங்கான செயின்ட் ஷாமோன், ஆட்களை ஏற்றிப்போகும் பிரிட்டிஷ் கவச வண்டியான எஃப்.வி.432 இரண்டும் தாகோமிடமிருந்து வந்தன. பிரிட்டிஷ் கனரக டாங்கான கான்கரர் ஒன்றுக்கு இரண்டாக வந்தது. கனடாவில் ஃபோர்டும் ஷெவ்ரோலேயும் லட்சக்கணக்கில் செய்த சி.எம்.பி. என்ற ராணுவ லாரிகளை மிரர் மாடல்ஸும் ஐ.பி.ஜி.யும் வகை வகையாகக் கொடுத்தார்கள். ஃபெரெட் கவச வண்டிக்காகப் பிரிட்டிஷ் ரசிகர்கள் காத்திருந்த காத்திருப்பு, ஏர்ஃபிக்ஸ் 1/35-க்குள் வந்த பிறகு தீர்ந்தது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2010-இல் வெளியான வேர்ல்டு ஆஃப் டாங்க்ஸ் விளையாட்டு, காகிதத்தோடு நின்றுபோன வடிவமைப்புகளையும் ஒரே ஒரு மாதிரியோடு கைவிடப்பட்ட டாங்குகளையும் லட்சக்கணக்கானவர்களுக்கு அறிமுகப்படுத்தியது. அவற்றைக் கட்டிப்பார்க்க ஆசைப்பட்டவர்களுக்காக ஈ-50, ஈ-75, லோவெ என்று கிட்டுகள் குவிந்தன. எனக்கு அவற்றின்மேல் கோபம் இல்லை, ஒன்றிரண்டைக் கட்டியும் இருக்கிறேன். ஆனால் ஒரு நாளும் ஓடாத வண்டிக்கு மூன்று பெட்டி வரும்போது, ஆயிரம் பேரைக் காப்பாற்றிய வண்டிக்கு ஒரு பெட்டிகூட இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

சரி, பார்வுக்கு வருகிறேன்.

1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கப்போகும் ஆயிரக்கணக்கான வண்டிகளில் பல, தண்ணீரிலேயே நின்றுவிடும் என்று திட்டமிட்டவர்களுக்கு முன்பே தெரியும். நின்ற ஒரு லாரி பின்னால் வரும் நூறு லாரிக்கு வழியை அடைத்துவிடும். அதற்காக அமெரிக்க ஷெர்மன் டாங்கின் எம்4ஏ2 வகையில் டரட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் படகின் முன்பக்கம் போலக் கூர்ந்து உயர்ந்த கவசக் கூண்டு ஒன்றைப் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி அடைத்தார்கள். 2.7 மீட்டர் ஆழத் தண்ணீரிலும் அது வேலை செய்யும். டீசல் என்ஜின் வைத்த எம்4ஏ2-ஐத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. சூடாக ஓடும் என்ஜின் திடீர் திடீரென்று குளிர்ந்த கடலில் இறங்கும்போது வரும் வெப்ப மாற்றத்தை அந்த டீசல் நன்றாகத் தாங்கியது. குழுவில் ஒருவர் மூழ்கு வீரர். தண்ணீருக்குள் இறங்கி, முழுகிய வண்டியில் இழுகம்பியை மாட்டுவது அவர் வேலை. தரைதட்டிய சிறு இறங்குபடகுகளை மறுபடி கடலுக்குள் தள்ளிவிடவும் இந்த வண்டி பயன்பட்டது. இறங்குகரைகளில் சுமார் 60 வண்டிகள் இருந்தன. 1960-களில் செஞ்சூரியன் என்ற பிரிட்டிஷ் டாங்கின் அடிப்படையில் அடுத்த தலைமுறை பார்வ் வரும்வரை இவை பணியில் தொடர்ந்தன.

ஒரு கிட் தயாரிப்பாளரின் கண்ணோடு இதைப் பாருங்கள். ஷெர்மனின் கீழ் உடல், சக்கரங்கள், ட்ராக் எல்லாம் பல கம்பெனிகளிடம் ஏற்கெனவே எஃகில் இருக்கின்றன. புதிதாக வேண்டியது மேல்கூண்டுக்கும் அதன் சில்லறைப் பாகங்களுக்கும் இரண்டு ஸ்ப்ரூ மட்டும். கூண்டின் தகடுகள் தட்டையானவை, வளைவு சுளிவு கிடையாது. அச்சிலிருந்து சிக்காமல் கழன்று வரும் வடிவம். நார்மண்டி என்ற பெயர் பெட்டியில் இருந்தாலே வாங்குபவர்கள் உண்டு. மாடல்களை வைத்து டியோராமா என்ற காட்சி கட்டுபவருக்கு இது பொக்கிஷம். அலையில் பாதி முழுகிய ஒரு லாரி, அதை இழுக்கும் பார்வ், கூண்டின் மேல் கயிற்றோடு நிற்கும் மூழ்கு வீரர் போதும், ஒரு துப்பாக்கியைக்கூடக் காட்டாமல் அந்த நாளைச் சொல்லிவிடலாம்.

காத்திருந்து பொறுமை போய் நானே ஒன்றைச் செய்ய ஆரம்பித்தேன். மிச்சம் கிடந்த எம்4ஏ2 உடல் ஒன்று கையில் இருந்தது. 2.7 மீட்டரை 35-ஆல் வகுத்தால் 77 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் ஒரு பென்சில் கோடு போட்டு, தண்ணீர் மட்டம் இங்கே என்று மேசையில் வைத்துப் பார்த்தபோதுதான் இந்த வண்டி எவ்வளவு உயரம் என்று எனக்கே புரிந்தது. முதலில் தடித்த காகிதத்தில் கூண்டை வெட்டி ஒட்டினேன். பக்கவாட்டில் பார்த்தால் சரியாக இருந்தது, முன்னாலிருந்து பார்த்தால் மூக்கு அகலம். இரண்டாவது வெட்டில் மூக்கு சரியானது, பின்பக்கம் உடலோடு பொருந்தவில்லை. மூன்றாவதுதான் தேறியது. அதைப் பிரித்துப் பரப்பி, 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் வரைந்து வெட்டினேன். சாய்ந்த தகடுகள் சேரும் இடத்தில் ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்துச் சீவாவிட்டால் இடுக்கு விழும். ஒவ்வோர் ஓரமாகத் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒளி கசிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். பற்றவைத்த தழும்புக்கு, ஸ்ப்ரூவை மெழுகுவர்த்தியில் காட்டி நூலாக இழுத்து, இணைப்பில் வைத்து, நீர்ம சிமென்ட் தடவி இளகியதும் கத்தியின் முனையால் வரிசையாக அழுத்திக்கொண்டே போனேன். அந்த ஒரு இணைப்பு மட்டும் ஒரு மாலைப்பொழுதைத் தின்றது.

அந்தச் சுகமே வேறு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அந்த நேரமும் கையும் வாய்க்காது. பெட்டியில் வந்தால் பத்தாயிரம் மேசைகளில் இந்த வண்டி நிற்கும்.

என் பட்டியலில் அடுத்தது முதல் உலகப்போரின் மார்க் 9. சாய்சதுரப் பிரிட்டிஷ் டாங்குகளில் மார்க் 1, மார்க் 4, மார்க் 5 ஆகியவற்றுக்கு இப்போது நல்ல கிட்டுகள் உண்டு, அதே காலத்து விப்பெட் டாங்கும் வந்துவிட்டது. மார்க் 9 அந்தக் குடும்பத்தின் அமைதியான உறுப்பினர். பீரங்கி இல்லை, மாறாக உள்ளே 30 வீரர்களையோ 10 டன் சரக்கையோ ஏற்றலாம். ஆட்களைக் கவசத்துக்குள் வைத்துக் கொண்டுபோவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் வண்டிகளில் இதைச் சொல்வார்கள். 200 கேட்டார்கள், போர் முடிந்துவிட்டதால் 34தான் தயாரானது. உள்ளே காற்றோட்டம் மோசம். என்ஜினுக்கும் ஆட்களுக்கும் நடுவே தடுப்பு கிடையாது, புகையும் சூடும் உள்ளே இருப்பவர்களைத் திணறடித்தன. ஒரு வண்டிக்கு இருபுறமும் மிதவைகள் கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டும் சோதித்தார்கள். போர் நிறுத்தம் ஏற்பட்ட அதே 1918 நவம்பர் 11 அன்று அந்தச் சோதனையில் எடுத்த படம் இருக்கிறது. மிஞ்சிய ஒரே மார்க் 9 இன்று இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

1/35-இல் இது சுமார் 28 சென்டிமீட்டர் நீளம் வரும். இருபுறமும் இரண்டிரண்டு முட்டை வடிவக் கதவுகள். அவற்றைத் திறந்துவைத்தால் உள்ளே நீண்ட வெறும் அறை தெரியும். டாங்கு கிட்டுகளில் உள்ளறை கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் பெரும்பாலான டாங்குகளில் மேல்தகட்டை ஒட்டியதும் அத்தனை உழைப்பும் மறைந்துபோகும். மார்க் 9-இல் மறையாது. கதவுவழியாகத் தெரியும். ரிவெட் வரிசைகளும் மேலே கூரைவரை போகும் ட்ராக்கும் ஏற்கெனவே மார்க் 5 செய்தவர்களுக்குப் பழகிய வேலைதான். உள்ளே தோளோடு தோள் உரச நிற்கும் முப்பது பேர் என்று உருவப்பொம்மைப் பெட்டியையும் தனியாக விற்கலாம்.

மார்க் 9-இன் யோசனை கால்நூற்றாண்டு கழித்து மறுபடி தலைதூக்கியது. 1944 ஆகஸ்டில் நார்மண்டியில் கனடியப் படை, பிரீஸ்ட் என்ற தானியங்கிப் பீரங்கி வண்டிகளிலிருந்து பீரங்கியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஆட்களை ஏற்றியது. கங்காரு என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்தப் பெயர் ராம் டாங்குக்கும் போனது. ராம் கனடாவில், மான்ட்ரியல் லோகோமோட்டிவ் வொர்க்ஸில், அமெரிக்க எம்3-இன் அடிப்பகுதிமேல் கட்டிய டாங்கு. கிட்டத்தட்ட 2,000 தயாரானது. பீரங்கி டாங்காக அது போருக்கே போகவில்லை. பயிற்சிக்குப் பயன்பட்டது. டரட்டைக் கழற்றிக் கங்காரு ஆன பிறகு அது போரைப் பார்த்தது, காலாட்படையைக் குண்டுமழைக்கு நடுவே கொண்டுசேர்த்தது. இவ்வளவு அழகான வரலாறு உள்ள வண்டிக்கு நெடுநாளாக ரெசின்தான் கதி. எம்3 லீயின் அடிப்பகுதி இப்போது தாகோமிடமும் மினிஆர்ட்டிடமும் அருமையாக இருக்கிறது. ராம் வருவதற்கு அதைவிட நல்ல அஸ்திவாரம் கிடைக்காது. டரட்டோடு ஒரு பெட்டி, கங்காரு ஒரு பெட்டி, கண்காணிப்பு வண்டி ஒரு பெட்டி. அச்சின் செலவு மூன்றாகப் பிரிந்துவிடும்.

இப்போது லாரிகள். லாரி விற்காது என்பது பழைய நம்பிக்கை. அதைப் பொய்யாக்கிய கிட்டுகளை நாம் பார்த்துவிட்டோம். 1990-களில் தாமியா டிராகன் வேகன் என்ற எம்26 டாங்கு சுமக்கும் லாரியைப் போட்டது. இன்றும் அது பேசப்படுகிறது. மெங் கம்பெனி தன் ஆரம்ப நாட்களிலேயே ஒரு பிக்கப் வண்டியையும், பிறகு கவசம் போட்ட டி9ஆர் புல்டோசரையும் கொண்டுவந்து பெயர் வாங்கியது. பீரங்கி இல்லாத வண்டியும் விற்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இந்த வரிசையில் நான் கேட்பது தார்னிகிராஃப்ட் மைட்டி ஆன்டார். போருக்குப் பிறகு ஈராக்கில் எண்ணெய்க் குழாய்களைப் பாலைவனத்தில் சுமந்துபோக வடிவமைத்த ராட்சத லாரி. பிரிட்டிஷ் ராணுவம் அதைப் பார்த்ததும் செஞ்சூரியனைச் சுமக்க இதுதான் சரி என்று எடுத்துக்கொண்டது. ஆரம்ப வகைகளில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மீட்டியரைட் என்ற 18 லிட்டர் வி8 என்ஜின். செஞ்சூரியனுக்குள் இருந்தது 27 லிட்டர் வி12 மீட்டியார். மீட்டியாரிலிருந்து நான்கு சிலிண்டரை எடுத்துவிட்டால் மீட்டியரைட். அந்த மீட்டியாரின் மூலமோ ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பறந்த மெர்லின். ஆக, சுமக்கும் லாரியும் சுமக்கப்படும் டாங்கும் என்ஜின்வழியில் உடன்பிறப்புகள், இரண்டுக்கும் விமானத்தில் ஒரு மூதாதை. எனக்கு இந்த ஒரு விஷயமே போதும், கிட்டை வாங்கிவிடுவேன்.

1950-களிலேயே டிங்கி இதை உலோகப் பொம்மையாக விற்றது. எத்தனையோ பேர் சின்ன வயதில் அதைத் தரையில் உருட்டி விளையாடியிருக்கிறார்கள், இன்று அவர்களில் பலர் மாடல் கட்டுகிறார்கள். ஏ.எஃப்.வி. கிளப்பும் அமியூசிங் ஹாபியும் செஞ்சூரியனை நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஏற்றிவைக்கச் சரக்கு தயார், லாரிதான் இல்லை. தடைக்கல் அளவுதான். ட்ரெய்லரோடு சேர்த்தால் மேசையில் கிட்டத்தட்ட அரை மீட்டர் இடம் கேட்கும். பெட்டி பெரிதாகும், பாகங்கள் கூடும், விலை ஏறும். டிராகன் வேகன் வாங்கியவர்கள் அதற்கெல்லாம் தயங்கவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

டாங்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். முறையான போர் டாங்குகளிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: விக்கர்ஸ் எம்.பி.டி. (முதன்மைப் போர் டாங்கு). 1960-களில் விக்கர்ஸ் கம்பெனி ஏற்றுமதிக்கென்று வடிவமைத்தது. செஞ்சூரியனைவிட லேசான உடல், 105 மில்லிமீட்டர் எல்7 பீரங்கி, சீஃப்டன் என்ற பிரிட்டிஷ் டாங்கின் எல்60 என்ஜின். இந்தியா இதை விஜயந்தா என்ற பெயரில் 2,000-க்கும் மேல் தயாரித்தது. 1971 போரில் பயன்பட்டது. குவைத் 70 வாங்கியது. மாற்றிய என்ஜினும் டரட்டும் கொண்ட மார்க் 3 கென்யாவுக்கும் நைஜீரியாவுக்கும் போனது. விஜயந்தாவின் உடல்மேல் 130 மில்லிமீட்டர் எம்-46 பீரங்கியைப் பொருத்தி, மேலே கூரை போட்டு, கேட்டபல்ட் என்ற தானியங்கிப் பீரங்கியும் செய்தார்கள். பாலம் போடும் வகையும் உண்டு. இத்தனை நாடுகள், இத்தனை வகைகள், ஆயிரக்கணக்கான எண்ணிக்கை. ஒரே அச்சுத் தொகுப்பிலிருந்து நான்கைந்து பெட்டி எடுக்கலாம். சில மாதிரிகளோடு நின்றுபோன டாங்குகளுக்குக் கிட் இருக்கும்போது இது இல்லாமல் இருப்பதற்கு ஒரே விளக்கம், அச்சு வெட்டுபவர்கள் பார்க்கும் போர்கள் எப்போதும் ஐரோப்பாவில் நடந்தவையாக இருப்பதுதான். கொரியா, வியட்நாம் தவிர, 1945-க்குப் பிறகு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த போர்களின் வண்டிகள் கிட்டுகளில் சொற்பம்.

சுருக்கமாக இன்னும் சில. அமெரிக்கரான வால்டர் கிறிஸ்டியின் எம்1931 டாங்கு: இரண்டு வண்டிகள் டரட் இல்லாமல், விவசாய டிராக்டர் என்ற பெயரில் சோவியத் யூனியனுக்குப் போயின. அங்கே பி.டி-2 டாங்கு ஆகி, கடைசியில் இரண்டாம் உலகப்போரின் டி-34 வரை வளர்ந்தது அந்த வம்சம். டி-34-க்கு எத்தனை கிட் என்று எண்ண முடியாது, அதன் தாத்தாவைத்தான் காணோம். விமானம் கட்டுபவர்களுக்கு 1/48-இல் பெட்ரோல் நிரப்பும் லாரிகள், குண்டு ஏற்றும் வண்டிகள், கிரேன்கள் எவ்வளவு வந்தாலும் போதாது. ஏர்ஃபிக்ஸ் ஆல்பியன் எரிபொருள் லாரியை அந்த அளவில் போட்டபோது பிரிட்டிஷ் விமானங்கள் கட்டுபவர்கள் கொண்டாடினார்கள். அப்புறம் ட்ரெய்லர்கள். தண்ணீர் ட்ரெய்லர், ஜெனரேட்டர் ட்ரெய்லர், களச் சமையல் ட்ரெய்லர். தனிப் பெட்டியாகச் சின்ன விலையில் வந்தால் ஒவ்வொருவரும் மூன்று வாங்குவோம்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 1/35 என்பது யாரும் திட்டமிட்டு வகுத்த அளவல்ல. 1960-களின் தொடக்கத்தில் தாமியா தன் பாந்தர் டாங்கு கிட்டைச் செய்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி உடலை அமைத்தார்கள். அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட 1/35 வந்தது. அதுவே உலக வழக்கமாகிவிட்டது. ஆகவே ஏதோ ஒரு காலத்தில் 1/40-இலோ 1/32-இலோ வந்த பழைய கிட் இருக்கிறதே என்று சமாதானம் சொன்னால் அது எடுபடாது. பக்கத்தில் 1/35 வீரரை நிறுத்தினால் அளவு ஒத்துப்போகாது.

முப்பரிமாண அச்சு (3டி பிரின்ட்) எல்லாவற்றையும் மாற்றிவிட்டதே, இனி பிளாஸ்டிக் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ட்ராக், கருவிகள், வலைத் தடுப்புகள் போன்ற நுணுக்கமான பாகங்களில் அது செய்திருப்பது பெரிய புரட்சி, நானும் நன்றியோடு பயன்படுத்துகிறேன். ஆனால் 28 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தட்டையான தகடு வேண்டும் என்றால் கதை வேறு. ரெசின் பிரின்டில் பெரிய தட்டைப் பரப்பு வளையும், அடுக்கு வரி தெரியும், மெல்லிய இடங்கள் நாளாக ஆக நொறுங்கும். பெரிய உடல் பிளாஸ்டிக்கில், நுணுக்கம் பிரின்டில் என்பதுதான் எனக்குப் பிடித்த சேர்க்கை.

கடைசியாக, ஆசையை எப்படிக் கிட்டாக மாற்றுவது என்பதற்கு நம் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு வண்டி வருவதும் வராததும் விற்பனைக் கணக்கோடு முடிவதில்லை, அளவெடுக்க வண்டி இருக்கிறதா என்பதிலும் இருக்கிறது. தொழிற்சாலை வரைபடங்கள் பெரும்பாலும் தொலைந்துவிட்டன. இருக்கும் வரைபடமும் நிஜ வண்டியும் பல இடங்களில் ஒத்துப்போகாது. அதனால் வடிவமைப்பவர்கள் அருங்காட்சியகத்தில் மிஞ்சிய வண்டியைத்தான் நம்புகிறார்கள். பார்வையாளர்கள் எல்லோரும் ஒரே கோணத்தில், முன்பக்கம் முக்கால் தெரியும்படி படம் எடுக்கிறார்கள். அந்தப் படம் ஆயிரம் இருக்கும். பின்பக்கக் கீழ்த் தகட்டுக்கு ஒன்றுகூட இருக்காது.

எனவே இப்படிப்பட்ட அபூர்வ வண்டி எதையாவது நேரில் பார்த்தால் நேர் பக்கவாட்டில், நேர் பின்னால், முடிந்தால் மேலிருந்து எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவு தெரிந்த பொருள் ஒன்று இருக்கட்டும், சின்ன ஸ்கேல் போதும். சக்கரத்தில் உள்ள போல்ட்டுகளை எண்ணி எழுதிவையுங்கள். பற்றவைத்த தழும்புகளையும் வார்ப்பு எண்களையும் கிட்டே போய் எடுங்கள். குனிந்து வண்டியின் அடிவயிற்றையும் ஒரு படம் எடுங்கள். என் பார்வின் கூண்டு உடலோடு சேரும் பின்பக்க மூலையை நான் மூன்று முறை பிரித்து ஒட்டியிருக்கிறேன். கடைசியில் அதைச் சரியாக்கியது யாரோ ஒருவர் தரையில் மண்டியிட்டு எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி விட்டுவைத்திருந்த ஒரே ஒரு மங்கலான படம்.